தவளைப் படத்துக்குப் பதினைந்து ரூபாய்

அன்று முதல்வர் அறையில் இருந்தவர்கள்: கல்லூரி முதல்வர், விலங்கியல் மேடம், காவல் நிலையத்திலிருந்து வந்த பெண் எஸ்.ஐ., ஒரு வக்கீல், பெற்றோர் சார்பில் ராகிங் தடுப்புக் கமிட்டியில் இருந்த கெமிக்கல் கடை பாய், முதல் வருடம் படிக்கும் ஒரு பெண், ஆலங்காயம் பக்கத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா, இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள், நான். டீ கொண்டுவந்தவரைச் சேர்க்கவில்லை. அவர் தட்டை வைத்துவிட்டு உடனே போய்விட்டார். பின்னால் என்ன ஆனாலும் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார்களே என்ற பயத்தில், உட்கார்ந்ததுமே எல்லோரையும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

என் மகள் மேல் வந்திருந்த புகார், ராகிங். முதல் வருடப் பெண்ணை மிரட்டித் தன்னுடைய விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைய வைத்தாள் என்பது. தன்னுடையதில் மட்டுமல்ல, தன் வகுப்பில் இன்னும் மூன்று பேருடைய நோட்டிலும். நோட்டு திருத்தும்போது நான்கு பெண்களுடைய தவளையும் ஒரே தவளையாக இருப்பதை மேடம் பார்த்திருக்கிறார். தவளை என்றால் ஒரே மாதிரிதானே மேடம் இருக்கும் என்று என் மகள் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ராகிங் என்று முடிவானால் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள். வேறு கல்லூரியிலும் சேர்க்க மாட்டார்கள். போலீஸ் கேஸ் வேறு. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருடா வருடம் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதனால் அச்சடித்த எதையும் முழுதாகப் படிக்காமல் விடமாட்டேன். மருந்து அட்டையில் இருக்கும் பக்க விளைவுகளைப் படித்துவிட்டு மாத்திரை போடாமல் விட்டதுண்டு. மகளைச் சேர்க்கும்போது ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவி ஒரு உறுதிமொழியும், செய்ய விடமாட்டேன் என்று பெற்றோர் ஒரு உறுதிமொழியும் தர வேண்டும் என்றார்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் அதைப் பிரின்ட் எடுத்து நீட்டி, "எல்லாரும் போடறதுதாங்க்கா, போட்டுட்டு குடுங்க" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். 'என் மகன்/மகள்' என்று இருந்தது. எனக்கு மகன் இல்லை, அந்த வார்த்தையை அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இல்லாத மகன் ஏதாவது செய்துவைத்தால் யார் பதில் சொல்வது?

முதல் வருடம் முழுக்க அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்பேன். யாராவது பாடச் சொன்னாங்களா, ஆடச் சொன்னாங்களா, வெயிலில் நிற்க வைத்தார்களா. "என்ன யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நான்னு ஒருத்தி இருக்கறதே அவங்களுக்குத் தெரியல. எனக்கே பேஜாரா இருக்குது" என்பாள். இரண்டாம் வருடம் வந்ததும் இனி கவலையில்லை என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துக் கவலைப்படத் தெரியவில்லை எனக்கு.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் அவள் செய்தது புரியும். நான் பகலில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். சாயங்காலம் வீட்டில் கைத்தையல். ஷூவின் மேல் தோலை, அப்பர் என்போம், ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று காசு. கம்பெனி ஏஜென்ட்டுக்கு ஒரு ரேட் கொடுக்கும், அதில் அவருடைய கமிஷன் போக எங்களுக்கு ஒரு ரேட். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இது நடக்கிறது. ஜாப் ஒர்க் என்று பெயர். என் மகள் ஊசி பிடித்துப் பழகியது அதில்தான். ஒரு வேலை நமக்கு வராவிட்டால் வருகிறவர் கையில் கொடுத்து, எண்ணிக்கைக்குக் காசு கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

அவளுக்குப் படம் வராது. அவள் வரைந்த தவளையை ஒருமுறை பார்த்தேன். நான்கு கால் இருந்தது, அவ்வளவுதான். அந்த முதல் வருடப் பெண்ணுக்கோ கை அப்படி. ஒரு தவளைக்குப் பதினைந்து ரூபாய் என்று என் மகள் பேசிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்து வகுப்பில் மூன்று பேர் கேட்க, அவர்களிடம் இருபது வாங்கிப் பதினைந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்துதான் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போவாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். பணம் கைமாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், படிக்கிற வயதில் சம்பாதிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கல்லூரிக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க பலகைகள். ராகிங் தண்டனைக்குரிய குற்றம். பெண்கள் புகார்க் கமிட்டி. போதைப் பொருள் தடுப்புக் கமிட்டி. குறைதீர்ப்புப் பெட்டி, பூட்டுடன். எங்கள் கம்பெனிச் சுவரும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. கேன்டீன் கமிட்டியில் நான் ஒரு உறுப்பினர் என்பது பலகையில் என் போட்டோவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அதெல்லாம் ஆடிட்டுக்காக. எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பும். வருவதற்கு முன்னால் சூப்பர்வைசர் லைனில் நின்று எங்களுக்குச் சொல்லித்தருவார். நேரம் கேட்டால் இப்படிச் சொல்லு, சம்பளம் கேட்டால் இப்படிச் சொல்லு. வந்தவர்கள் ஏசி அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். நான் பயந்த சுபாவம் என்பதால் மற்றவர்களைவிட நன்றாக மனப்பாடம் செய்வேன். அதனாலேயே ஒவ்வொரு முறையும் என்னையே உள்ளே அனுப்புவார்கள்.

முதல்வர் அறையிலும் ஏசி இருந்தது.

வக்கீல்தான் ஆரம்பித்தார். இளவயதுக்காரர், புத்தகத்தில் அங்கங்கே மஞ்சள் சீட்டு ஒட்டிவைத்திருந்தார். "பாட்டு பாட வெச்சாதான் ராகிங்குன்னு இல்ல. சீனியர் தன்னோட படிப்பு வேலைய ஜூனியர் தலைல கட்டினா அதுவும் ராகிங்தான். விதியிலயே இருக்குது."

"நான் யார் தலைலயும் கட்டல சார்," என்றாள் என் மகள். "ஜாப் ஒர்க் குடுத்தேன்."

"இன்னாது?"

"ஜாப் ஒர்க் சார். படத்துக்குப் பதினஞ்சு ரூபா. கரப்பான் வாய்க்கு மட்டும் இருபது."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரப்பானுக்கு ஏம்மா ஜாஸ்தி?"

"அதுல பார்ட்ஸ் ஜாஸ்தி பாய்."

பாய் அதை ஏற்றுக்கொண்டார். "உன் தோஸ்துங்ககிட்ட எவ்ளோ வாங்கின?"

"இருபது. கரப்பானுக்கு இருபத்தஞ்சு."

"அஞ்சு ரூபா கமிஷன். கம்மிதான்."

"பாய், நாம இங்க ரேட் பேச வரல," என்றார் எஸ்.ஐ. மேடம்.

"காசு குடுத்து வாங்கினா அது வியாபாரம் மேடம். அதைத்தான் சொல்றேன்."

"காசு குடுத்தாங்கன்னு இவங்க சொல்றாங்க. அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

அந்தப் பெண் சொல்லவில்லை. மிரட்டினார்களா என்று கேட்டதும் அழுதாள். பணம் கொடுத்தார்களா என்று கேட்டதும் இன்னும் அழுதாள். அவளுடைய அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அழுகிற பெண்ணையும் அழாத என் பெண்ணையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். நீயும் கொஞ்சம் அழுடி என்று கண்ணால் சொல்லிப் பார்த்தேன். அவள் கவனிக்கவில்லை.

"எங்கம்மாவ கேளுங்க மேடம்," என்றாள் அவள். "அவங்க எதிர்லதான் பணம் குடுத்தேன்."

எஸ்.ஐ. மேடம் என் பக்கம் திரும்பிப் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு வெளிய ஆள வெச்சு வேலை வாங்குச்சா? காசு குடுத்துச்சா?"

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"வெளிய எந்த வேலையும் குடுக்கறதில்லைங்க மேடம். எல்லாம் உள்ளதான் நடக்குது. சின்னப் பசங்க யாரும் வேலை செய்யறதில்ல. யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. குடிக்கத் தண்ணி இருக்குது."

முதல்வர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

"ம்மா," என்றாள் என் மகள்.

"அப்ப வெளிய வேலை குடுக்கல, காசும் குடுக்கல," என்று சொல்லிக்கொண்டே வக்கீல் எழுதினார். "சும்மாதான் வரைய வெச்சிருக்காங்க."

"சார், அது வேறங்க சார். நான் கம்பெனி ஞாபகத்துல..."

"உக்காருங்கம்மா. மொதல்ல வர்றதுதான் நிஜம்," என்றார் எஸ்.ஐ. மேடம். அந்தப் பெண்ணின் அப்பா முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "நீங்க புகார் எழுதிக் குடுங்க. பயப்படாதீங்க. சட்டம் உங்க பக்கம் இருக்குது."

நான் உட்கார்ந்தேன். என் மகள் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடப் படிப்பு. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷெட்டில் டிரம் ஓட்டுகிறவர், லீவு கிடைக்காது, நீயே போய்ப் பேசிவிட்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார். பேசிவிட்டேன். எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவது, போய் என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த அப்பா தாளைத் தொடவில்லை. முதல்வரைப் பார்த்துக் கேட்டார். "எழுதறதுக்கு இன்னா சார், எழுதிக்கலாம். மீதி எப்ப வரும்?"

"எந்த மீதி?"

"படம் வரையற காசுதான் சார். மொதல்ல ஒழுங்கா வந்துச்சு. ரெண்டு மாசமா காணோம். அத வெச்சுதான் மாட்டுக்கு தவுடு வாங்கிட்டிருந்தேன். கேட்டா வரும் வரும்னுது. காலேஜ்ல ஏதோ ஸ்கீமுன்னு நெனச்சேன். நீங்கதான குடுக்கறது?"

முதல்வர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ரத்தம் ஓடியது. ராகிங் என்று முடிவானால் அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வேறு சீக்கிரம் வரப்போகிறது என்று பிறகு தெரிந்தது. "சார், இவர் சொல்றத எழுதிக்கங்க. அப்படியே எழுதிக்கங்க," என்றார் வக்கீலிடம்.

வக்கீலுக்கு மனமில்லை. "காசு குடுத்தாலும் ராகிங் ராகிங்தான்னு ஒரு வாதம் இருக்குது சார். ஜூனியரால வேணான்னு சொல்லியிருக்க முடியுமான்னு பாக்கணும்."

"அந்தப் பொண்ணையே கேளுங்க."

"ஏம்மா, நீயா விருப்பப்பட்டுதான் வரைஞ்சியா?"

அவள் துண்டை விலக்கினாள். "ஆமா சார். தவளை எனக்கு நல்லா வரும்."

"அப்ப இன்னாத்துக்கு அழுத?" என்றார் எஸ்.ஐ. மேடம்.

"காசு வாங்கினவங்களயும் காலேஜ விட்டு எடுத்துடுவாங்கன்னு பஸ்ல சொன்னாங்க மேடம்."

"மீதி ஏன் குடுக்கல?" என்று பாய் என் மகளைக் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

"எனக்கே வரல பாய். கிளாஸ்ல ரெண்டு பேரு தரணும். மேல இருந்து வந்தா கீழ குடுத்துடப் போறேன்."

எங்கள் ஏஜென்ட் வாசலில் நின்று சொல்கிற அதே வாக்கியம், அதே குரல். பாய் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த விலங்கியல் மேடம், நோட்டுகளைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். "நாலும் நல்லா இருந்துச்சு சார். அதான் சந்தேகம் வந்துச்சு," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முடிவு எழுதப்பட்டது. ராகிங் இல்லை. ஆனால் முறைகேடு. நான்கு பேரும் ரெக்கார்டை முதலிலிருந்து தங்கள் கையால் வரைய வேண்டும், இன்டர்னல் மார்க் குறைக்கப்படும். அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கை. அதோடு ஒரு புது உறுதிமொழி: ரெக்கார்டு தொடர்பாக மாணவியரோ அவர்கள் குடும்பத்தாரோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம், மீறினால் நீக்கத்துக்கு உட்படுகிறோம். வக்கீல் அதைச் சொல்லச் சொல்ல ஆபீசில் டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள். நான் மூன்று முறை படித்தேன். எனக்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட அந்த அப்பா ஒரு முறைகூடப் படிக்கவில்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, "அப்ப மீதி?" என்றார். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மாடிப்படியில் வக்கீலைப் பிடித்தேன். "சார், பழைய பாக்கி இருக்குதே. அதக் குடுக்கலாமா, கூடாதா?"

அவர் நின்று யோசித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று தெரிந்தது. "குடுத்தா உறுதிமொழிய மீறினதாகும். குடுக்கலன்னா வேலை வாங்கிட்டு கூலி தராததாகும். அப்ப அது ராகிங்குக்கே திரும்பிப் போகும். நல்ல கேள்விம்மா இது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் என் மகள் எங்கள் ஊர் ஆம்பூர் வரும்வரை வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும், "குடிக்கத் தண்ணி இருக்குதா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் யார் என்ன கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தவளை வரைகிறாள். இப்போதும் நான்கு கால் இருக்கிறது. கொஞ்சம் முகமும் வந்திருக்கிறது.

பத்து நாள் கழித்து முதல்வரிடமிருந்து போன் வந்தது. பார்வையிட வரும் குழுவினர் பெற்றோரிடமும் பேசுவார்களாம், நான் வர முடியுமா என்று கேட்டார். "நானா சார்? நான் அன்னிக்கு..." என்று இழுத்தேன். "நீங்க தெளிவா பேசறீங்கம்மா," என்றார். முன்கூட்டியே ஒரு தாளும் அனுப்பினார்கள். ராகிங் உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது, குறைதீர்ப்புப் பெட்டி திறக்கப்படுகிறதா என்று கேட்டால் என்ன சொல்வது. மகள் அங்கேதானே இன்னும் படிக்கிறாள். கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நன்றாகச் சொன்னேன் என்று விலங்கியல் மேடம்கூடச் சொன்னார்.

வகுப்பில் தர வேண்டிய இரண்டு பெண்களும் இதற்குள் பயந்துபோய்ப் பணத்தைக் கொண்டுவந்து என் மகளிடம் கொடுத்துவிட்டார்கள். வாங்கியதே உறுதிமொழியை மீறியதுதான் என்று நான் கத்தினேன். அவள் அதை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாயின் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"என் கைல குடும்மா, நான் குடுத்துடறேன். நான் மாணவியும் இல்ல, குடும்பமும் இல்ல."

"மறைமுகமாகவோன்னு போட்டிருக்குதே பாய்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பிரதியை வாங்கிப் படித்தார். "போட்டிருக்குதே," என்றார். பிறகு எனக்கு ஒரு டீ சொன்னார்.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி கேட்டில் அந்த அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்படிக் கண்டுபிடித்து வந்தார் என்று தெரியவில்லை. கோபமாக இல்லை.

"இன்னாமா, அந்த மீதி?"

"பணம் எங்கிட்டதாங்க இருக்குது. குடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். நீங்களும்தான் போட்டிருக்கீங்க."

"நான் வாங்க மாட்டேன்னா போட்டேன்?"

"ஆமாங்க."

"இன்னாமா இது, நான் போய் அப்படிப் போடுவனா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா ராத்திரில கண்ணு முழிச்சு வரைஞ்சுதுமா."

எனக்குத் தெரியும் என்றேன். பணம் அப்போதும் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சுற்றிலும் லைன் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள், கேட்டுக்கு மேலே கேமரா இருந்தது, என் மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது. படிப்பு முடிந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். வாணியம்பாடி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக, "எவ்ளோன்னு ஞாபகம் வெச்சுக்கம்மா" என்றார்.

அறுநூற்று நாற்பது ரூபாய்.